சீசன் வந்தால் மேசை எங்கே போகும்?

“மேசையத் தூக்கப் போறோம்ட்டி. மேல கெடக்க பேப்பரையெல்லாம் அள்ளு.”

அத்தை, அதாவது என் மாமியார், இதைச் சொன்னபோது என் மகள் யாழினி அந்த மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஒரு செருப்புக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். வெளியே சாரல். வாசலில் ஒரு வேன் நின்றது, இன்ஜினை அணைக்கவில்லை. அதிலிருந்து இறங்கிய, குற்றாலத்துக்குக் குளிக்க வந்த ஒரு குடும்பம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கள் முன்னறையை எட்டிப் பார்த்தது.

“எங்க வைக்கது அத்தை?”

“அடுக்களையில அரிசி டிரம்மு இருக்குல்லா. அது மேல வையி. அது ஒன்னும் சொல்லாது.”

மேசைமேல் இருந்தவை சாதாரணப் பேப்பர்கள் அல்ல. என் எம்.எட். ஆய்வுக்காக எங்கள் ஊர் மேலகரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி நிரப்பி வாங்கிய வினாநிரல்கள். (கேள்வித்தாள் என்று சொன்னால் என் ஆய்வுக்கு வழிகாட்டும் மேடத்துக்குக் கோபம் வரும்.) அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். டிரம்மின் மூடி ஈரமாக இருந்தது. முந்தானையால் துடைத்து வைத்தேன். யாழினி செருப்போடு பின்னாலேயே வந்தாள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மேடம்தான்.

“ஏம்மா, பங்குனி மாசம் முன்னோட்டமா சில வீட்ல கேட்டியே, பிள்ளைக்குப் படிக்கத் தனி இடம் இருக்கான்னு. எல்லாரும் ‘ஆம்’. இப்ப நீ அனுப்பின கணக்குல அதே வீடெல்லாம் ‘இல்லை’ன்னு இருக்கு. ஒரே வீடு, ஒரே கேள்வி. நீ நெசமாவே போனியா, இல்ல வீட்ல உக்காந்து நிரப்பினியா?”

முன்னறையில் மேசையைத் தூக்கும் சத்தம் கேட்டது. “பாத்து, பாத்து, நெலையில இடிக்கி” என்று அத்தை யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டும் சரிதான் மேடம்” என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

“ரெண்டும் சரின்னா ஆராய்ச்சி எதுக்கும்மா? நாளைக்கு வா. வரும்போது உன் ஆய்வு எந்த வகைன்னு முடிவு பண்ணிட்டு வா.”

எந்த வகை?

இந்த இரண்டு சொற்கள் என்னைப் படுத்தியதுபோல் பிரசவ வலிகூடப் படுத்தவில்லை. அதற்காவது ஒரு முடிவு இருந்தது.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கிற கல்லூரி மாணவி ஒருத்தி, “அக்கா, ஆய்வு வகைகளைப் புரியுற மாதிரி சொல்லுங்களேன்” என்று கேட்டிருந்தாள். என்னிடமா கேட்கிறாய் என்று சிரிப்பதா, அழுவதா தெரியவில்லை. கேட்டதற்காகச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் உன் மேடத்திடம் என் பெயரைச் சொல்லாதே.

இருப்பதை இருக்கிறபடி எழுதினால் விளக்க ஆய்வு. நிறையப் பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டு எண்ணிக்கையாகச் சொன்னால் சர்வே. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு என்ன ஆகிறது என்று கவனித்தால் பரிசோதனை ஆய்வு. நடந்து முடிந்ததைத் தோண்டினால் வரலாற்று ஆய்வு. ஒரே ஆளை, அல்லது ஒரே வீட்டைப் பொறுமையாக, ஆழமாகப் பார்த்தால் தனியாள் ஆய்வு.

புத்தகத்தில் படிக்கும்போது எல்லாம் தனித்தனி டப்பாவில் மூடி போட்டு அழகாக இருக்கும். ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் போதும், அத்தனை டப்பாவும் ஒன்றாகக் கொட்டிவிடும்.

யாழினிக்குக் கோடையில் காய்ச்சல் வந்தது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து எழுதினேன். அது விளக்கம். நேற்று என்ன தின்றாள், முந்தாநாள் எங்கே போனாள் என்று அத்தை தோண்டினாள். அது வரலாறு. தெருவில் வேறு எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டுவந்தேன். அது சர்வே. ஐஸை நிறுத்திப் பார்த்தது பரிசோதனை. மற்ற நேரமெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேனே, அதற்குத் தனியாள் ஆய்வு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். டாக்டர் எதையுமே கேட்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி ஒரு மருந்து எழுதினார். இரண்டாம் நாள் பிள்ளை எழுந்து செருப்பைத் தேடினாள்.

அப்பாவின் மேற்கோள்

என் அப்பாவுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை. லாரி ஏற்றுகிறவர்கள் மூட்டையின் மேல் கிடக்கும் காயைப் பார்த்து விலை பேசுவதில்லை. அடிவரை கையை விட்டு நாலு காய் எடுப்பார்கள். மேலே எப்போதும் நல்ல காய்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாதிரி எடுத்தல் என்ற பகுதியில் இதை ஆசையாக எழுதினேன். மேடம் சிவப்பு மையில் கோடு போட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘மேற்கோள் எங்கே?’

அப்பாவிடம் போனில் சொன்னேன்.

“மேற்கோள்னா என்னதும்மா?”

“இதை யாரு சொன்னதுன்னு போடணும்ப்பா.”

“நான்தான சொன்னேன். எம்பேரப் போடு. கடை பேரையும் சேத்துப் போடு.”

அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். மேடம் சொன்னதும் நியாயம்தான். ஆனால் எடுத்தபிறகு அந்தப் பகுதியில் உருப்படியாக ஒன்றுமே மிச்சமில்லை என்று இன்றும் தோன்றுகிறது. அதுவும் தவறோ என்னவோ.

‘சீசன் வரைக்கும்’

நான் செய்த பிழை என்ன என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகி மேலகரத்து மருமகள் ஆனேனே தவிர, கணவருக்குப் போலீஸ் வேலை என்பதால் வெளியூர் குவார்ட்டர்ஸிலேயே இருந்துவிட்டேன். எம்.எட். முதல் வருஷம் யாழினியை அம்மாவிடம் விட்டு, புளியங்குடியிலிருந்து தென்காசிக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். தை பிறந்த பிறகுதான் பிள்ளையோடு அத்தை வீட்டுக்கு வந்தேன். அத்தை முன்னறையில் மேசை போட்டுக் கொடுத்தாள். “சீசன் வரைக்கும் இங்கன இருந்து படி” என்றாள். நான் ‘இங்கன இருந்து படி’ என்பதை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

சின்ன வயதில் குற்றாலத்துக்கு வந்திருக்கிறேன். அருவியில் குளிப்போம், மிளகாய் பஜ்ஜி தின்போம், ஈரத்துணியோடு பஸ் ஏறுவோம். சீசனுக்கு வருகிறவர்களுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அந்த வீட்டுக்காரர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பின்கட்டில் படுக்கிறார்கள். அடுக்களையில் சமைத்து, அங்கேயே பாயை விரிக்கிறார்கள். கட்டில், மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் விருந்தாளிக்கு. சாரல் தொடங்கினால் எங்கள் தெருவில் பாதி வீடு இப்படிச் சுருங்கிவிடும். சாரல் நின்றால் மறுபடி விரியும். இங்கே பிறந்தவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. அதனால் யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை.

நான் முன்னோட்டத்துக்குப் போனது பங்குனியில். முழு ஆய்வுக்கும் உடனே போயிருக்க வேண்டும். பரீட்சை, லீவு, யாழினியின் காய்ச்சல் என்று தள்ளித் தள்ளி, பள்ளி திறந்து சீசன் உச்சத்தில் இருந்தபோது போனேன். எங்கள் வீட்டு மேசையை மட்டும் என் படிப்புக்காக அத்தை அதுவரை விடாமல் வைத்திருந்தாள். கையில் அதே கேள்வி. ‘ஆம்’ என்றொரு கட்டம், ‘இல்லை’ என்றொரு கட்டம்.

மேடம் காட்டிய வழி

மேடம் கெட்டவர் அல்ல. அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் மேசையில் என்னைப் போன்றவர்களின் கட்டுகள் தலைக்கு மேல் குவிந்திருந்தன. சீசன் விவரத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“அப்போ பங்குனிக் கணக்கையே வச்சுக்கோ.”

“அது கொஞ்ச வீடுதான் மேடம். எல்லா வீட்டுக்கும் போனது இப்பத்தான்.”

“சரி, கேள்வியில ‘வழக்கமாக’ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கோ. ‘வழக்கமாகத் தனி இடம் உண்டா?’ திரும்ப ஒரு நடை போய்க் கேளு. எல்லாரும் ஆம்னு சொல்லிடுவாங்க. சர்வே முடிஞ்சுது. நேரத்துக்குச் சப்மிட் பண்ணிட்டு உன் வீட்டுக்காரர் இருக்க ஊருக்குப் போய்ச் சேரு.”

அதுதான் என் பலவீனம் என்று அவருக்குத் தெரியும். சப்மிஷன் முடிந்ததும் நானும் யாழினியும் கணவர் இருக்கும் ஊருக்குப் போவதாகப் பேச்சு. அங்கேயே எல்.கே.ஜி. சேர்ப்பதாகவும் பேச்சு. இதை விட்டால் அடுத்த சப்மிஷன் ஆறு மாதம் தள்ளி. யாழினி தினமும் சாயங்காலம் போன் திரையில் தெரியும் அப்பாவுக்கு முத்தம் கொடுத்துக் கொடுத்து, அந்தக் கண்ணாடி எப்போதும் எச்சில் காய்ந்து மங்கியே இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது நினைத்தேன். ஒரே ஒரு வார்த்தை. அதில் பொய் ஒன்றும் இல்லையே. வருஷத்தில் அதிக மாதம் மேசை இருக்கத்தானே செய்கிறது? மேலகரம் நிறுத்தத்தில் இறங்கும்போது ‘சரி’ என்று இருந்தது. தெருமுனை திரும்புவதற்குள் ‘தப்பு’ என்று இருந்தது. எனக்கு எப்போதுமே இப்படித்தான்.

எதைப் போட்டால் பாஸ்?

கேட்டுத்தான் பார்ப்போமே என்று முதலில் எதிர்வீட்டு இசக்கி அக்காவிடம் போனேன். அவளுடைய மகள் காவ்யா ஏழாம் வகுப்பு.

உள்ளே கால் வைக்க இடமில்லை. யார் யாருடைய பைகளோ. குறுக்கே கட்டிய கயிற்றில் ஈரத்துண்டுகள். வீடு முழுக்க நல்லெண்ணெய் வாசனை. பங்குனியில் காவ்யா படித்துக்கொண்டிருந்த மேசைமேல் வந்தவர்களின் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காவ்யா பின்படியில் உட்கார்ந்திருந்தாள். சாரல் படாமல் இருக்க நோட்டின்மேல் குனிந்து, தலையாலேயே அதற்குக் குடை பிடித்திருந்தாள்.

“யக்கா, ஒரே ஒரு கேள்விதான்.”

இசக்கி அக்கா கரண்டியோடு திரும்பினாள். “மறுபடியுமா? பங்குனியில வந்த. போன வாரம் வந்த. புருசன் போலீசுன்னா ஒனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கிட்டோ? சொன்னதையே திருப்பித் திருப்பிக் கேக்க?”

“காவ்யாவுக்குப் படிக்க வழக்கமா தனி இடம் இருக்காக்கா?”

“எது சொன்னா ஒனக்குப் பாஸ் போடுவாவ?”

“அப்படியெல்லாம் இல்லக்கா...”

“சும்மா சொல்லுட்டி. ‘ஆம்’னாதான் பாஸுன்னா ஆம்னு போடு. ‘இல்லை’ன்னாதான் பாஸுன்னா இல்லைன்னு போடு. நம்ம தெருவுக்கு வந்த பிள்ளை பெயிலாகி நிக்கக் கூடாது. மத்த வீட்லயும் நானே சொல்லிருதேன், நீ பிள்ளையத் தூக்கிட்டு இந்த மழையில அலையாத.”

புள்ளியியல் புத்தகத்தில் எத்தனையோ வகைப் பிழைகளைச் சொல்லி, கழிப்பதற்குச் சூத்திரமும் கொடுத்திருக்கிறார்கள். இந்த அன்பைக் கழிக்க ஒன்றும் கிடையாது.

பின்படியிலிருந்து காவ்யாவின் குரல் வந்தது. “டீச்சர், ‘ஆம்’னு போட்டா, என் மேசையில அவிய அடுப்பு இருக்கதை எங்க எழுதுவீங்க?”

“நீ படிக்க சோலியப் பாருட்டி” என்றாள் இசக்கி அக்கா.

நான் பேனாவை மூடிவிட்டேன்.

வாசலுக்கு வந்து, இறவாரத்தின் கீழ் நின்றே மேடத்துக்குப் போன் செய்தேன். சர்வே வேண்டாம். பங்குனியில் போன அந்தச் சில வீடுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சீசன் முடிகிறவரை வாரம்தோறும் போகிறேன். மேசை எப்போது போகிறது, எப்போது வருகிறது, அதுவரை பிள்ளை எங்கே உட்காருகிறது என்று எழுதுகிறேன். ஒவ்வொரு வீடும் ஒரு தனியாள் ஆய்வு.

“அப்போ இந்தச் சப்மிஷன் கிடையாது, தெரியும்லா?”

“தெரியும் மேடம்.”

சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் அழ வசதியாக இருந்திருக்கும். அவர் பெருமூச்சு விட்டார்.

“சரி, நான் லீவு கெடைச்சா அங்க வாரேன். படுக்க இடம் இருக்குமா, இல்ல அதையும் அம்மா வேன்காரனுக்கு விட்டுட்டாவளா?”

சிரித்தேன். போனை வைத்த பிறகு ‘செய்தது முட்டாள்தனமோ’ என்று ஆரம்பித்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மேசைகள்

கூத்து அதற்குப் பிறகுதான். செவ்வாய்க்கிழமைதோறும் வருவேன் என்று எல்லா வீட்டிலும் சொல்லிவைத்திருந்தேன். முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது.

முதல் செவ்வாய். இசக்கி அக்கா வீட்டில் அடுப்பைக் காணோம். மேசைமேல் பூப்போட்ட விரிப்பு. காவ்யா எண்ணெய் வைத்துப் படியத் தலைசீவி, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். விருந்தாளி அம்மாள் ஒருத்தி அடுப்பை இடுப்பில் வைக்காத குறையாக ஓரத்தில் நின்றுகொண்டு என்னை முறைத்தாள்.

அடுத்த வீடு. அங்கேயும் மேசை. அதற்கடுத்த வீட்டில் பங்குனியில்கூட மேசை கிடையாது, தரையில் ஒரு மூலைதான். இப்போது எங்கிருந்தோ இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள்.

“செவ்வாக்கெழம டீச்சரு வருவா, பிள்ளையள மேசையில உக்கார வைங்கன்னு இசக்கி சொன்னா” என்றாள் அந்த வீட்டு அம்மா, பெருமையாக.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆறு மாதத்தை விட்டுக்கொடுத்து, புருஷனைத் தனியே விட்டு, உள்ளது உள்ளபடி எழுதுகிறேன் என்று கிளம்பினால், நான் நடந்து போகிற பாதையெல்லாம் உள்ளது மாறிக்கொண்டே போகிறது!

மேடத்திடம் கொட்டித் தீர்த்தேன். “நான் போறதே எல்லாத்தையும் மாத்துது மேடம். நான் இல்லாதப்போ எப்படி இருக்கும்னு நான் எப்படிப் பாக்க முடியும்?”

மேடம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “நீ போறதால மாறுதுன்னா அதையே எழுதும்மா. ஒரு குறையப் பாத்து, அதுக்கு ஏதாவது செஞ்சு, மாறுதான்னு கவனிக்கது. அதுக்குப் பேரு செயலாய்வு.”

“நான் ஒன்னும் செய்யலையே மேடம்.”

“போனியே.”

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. நம்பிக்கைதான் வரவில்லை. செயலாய்வுக்குத் திட்டம் வேண்டும், நோக்கம் வேண்டும். தெருவே சேர்ந்து எனக்கு நாடகம் போடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிற மேசை ஒரு மேசையா?

கிழமை தப்பி

அதைப் பார்த்துவிடுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் இசக்கி அக்கா வீட்டின் பின்பக்கமாகப் போனேன். யாழினி என் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நினைத்தபடிதான் இருந்தது. மேசைமேல் அடுப்பு. படியில் காவ்யா. தலை கலைந்திருந்தது.

“டீச்சர், இன்னைக்குச் செவ்வாக்கெழமையா?”

“இல்லம்மா.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

நம்பகத்தன்மையைச் சரிபார்க்க வந்தேன் என்றா சொல்வது?

காவ்யா உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க தெனமும் வாங்க டீச்சர். நீங்க வந்தாத்தான் மேசையக் காலி பண்ணுதாவ.”

அதற்குள் உள்ளே இருந்து இசக்கி அக்கா பார்த்துவிட்டாள். “யாரது, டீச்சரா? இன்னைக்குக் கெழமை இல்லியே! யம்மா, அந்த அடுப்பக் கொஞ்சம் கீழ எறக்குங்க, எங்க பிள்ளைக்குப் படிக்க எடம் வேணும். ஏட்டி காவ்யா, நோட்ட எடுத்துட்டு உள்ள வா!”

விருந்தாளி அம்மாள் முணுமுணுப்பது கேட்டது. அடுப்பைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. காவ்யா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, ஈர நோட்டைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே எழுந்து போனாள். அந்தப் படியில் அவள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் உலர்ந்து கிடந்தது. யாழினி உடனே அதில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை பள்ளி லீவு. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் இருக்கும், மேசை வேண்டியிருக்கும். நாலு மணிக்கு யாழினிக்குச் செருப்பு மாட்டினேன். அத்தை அடுக்களையில் அரிசி அளந்துகொண்டிருந்தாள். டிரம்மைத் திறப்பதற்காக என் வினாநிரல் கட்டை எடுத்துத் தரையில் வைத்திருந்தாள்.

“இன்னைக்கும் ஆராய்ச்சியா? பேப்பர எடுக்காமப் போற?”

“அது கெடக்கட்டும் அத்தை” என்றேன். “நான் சும்மா ஒரு நடை போயிட்டு வாரேன்.”